பப்ஸ் அடுப்பும் பதினோரு சேனலும்

வில்லாபுரத்தில் நான் நெட் சென்டர் நடத்திய காலத்தில், இன்டர்நெட் காற்றில் போகும் என்று சொன்னால் வந்தவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் நம்பினார்கள், ஆனால் ஃபேனைப் போட்டால் கலைந்துவிடும் என்று பயந்தார்கள். ஒருவர் தன்னுடைய மெயில் போய்ச் சேரும்வரை ஃபேனை நிறுத்தி வைக்கச் சொன்னார். சித்திரை மாதத்து மதுரையில் ஃபேனை நிறுத்துவதா? மெயில் போகாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு முன்கோபம் உண்டு. நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். கடையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அந்த மொழியில்தான் திட்டுவேன். வந்திருக்கும் ஆட்களுக்குப் புரியாது, எனக்கும் பாரம் இறங்கும். இரண்டாயிரங்களின் நடுவில் பல மாதங்கள் நான் திட்டிய திட்டெல்லாம் ஒரு வயர்லெஸ் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குக் காரணம் மேல் மாடி அக்காவின் வீட்டுக்காரர். அவரும் பாவம், ஒன்றும் செய்யவில்லை. துபாயில் இருந்தார், அவ்வளவுதான்.

கட்டடம் பேக்கரி அண்ணனுடையது. கீழே அவருடைய பேக்கரி, முதல் மாடியில் என் நெட் சென்டர், அதற்கு மேலே அந்த அக்காவும் கைக்குழந்தையும். அக்கா மாசமாக இருக்கும்போதே வீட்டுக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். பெண் குழந்தை பிறந்ததை போனில் கேட்டதோடு சரி. வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு. தொழுகை முடித்து, சாப்பிட்டு, கூட்டாளி ஒருவருடைய அறைக்குப் போய் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் உட்காருவார். அப்போது இங்கே நாலு மணி. அதற்குப் பிறகு அந்த அறையில் ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள், உட்கார இடமிருக்காது. ஆகவே வாரத்தில் அந்த ஒரு நேரம்தான்.

முதலில் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்து, கேமரா இல்லாமல் குரலில் மட்டும் பேசினார். குழந்தை மவுஸ் வயரைக் கடிக்கும். சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பையன்கள் தங்கள் திரையைப் பார்ப்பது போலவே இருப்பார்கள், காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும்.

"வீட்டுக்காரர்ட்ட ரெண்டு வார்த்த பேசுறதுக்கு ஊரே காது குடுக்குது தம்பி. மேல வீட்டுக்கே ஒரு வயரு இழுத்து விடுங்களேன்" என்றார்.

நியாயமான கோரிக்கை. கூட்டாளி ஒருவர் லீவில் வந்தபோது பால்பவுடர், தைலத்தோடு ஒரு வெப் கேமராவும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை நான் தேற்றிக் கொடுத்தேன். வயர் மட்டும்தான் பாக்கி. தளத்தில் துளை போட அனுமதி கேட்டு பேக்கரி அண்ணனிடம் போனேன்.

"எந்த மூலைல?"

கையைக் காட்டினேன்.

"அது ஈசான மூலை மாப்ள. அங்க ஆணி அடிக்கக்கூட ஆளக் கேட்டுத்தான் அடிக்கிறேன். நீ துளைபோடுற மிசினத் தூக்கிட்டு வார!"

வெளிச்சுவர் வழியாகக் கொண்டுபோகலாமா என்றேன். வெளிச்சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பிறந்தநாள் கேக் வரைந்து வைத்திருந்தார். அதன் குறுக்கே கறுப்பு வயர் ஓடினால் கேக்கில் விரிசல் விட்ட மாதிரி தெரியும் என்றார். இப்படித்தான் வாஸ்துவும் கேக்கும் சேர்ந்து எங்கள் கட்டடத்துக்குள் வயர்லெஸ்ஸைக் கொண்டுவந்தன.

பெட்டியை மாட்டிய அன்று பிரமாதமாக வேலை செய்தது. அது செவ்வாய்க்கிழமை காலை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் துபாய்க்காரர் திரையில் வந்தார், "ஏ செல்லக்குட்டி" என்று ஆரம்பித்தார், அப்படியே நின்றுபோனார். வாய் பாதி திறந்தபடி. கொஞ்ச நேரம் கழித்து வேறு ஒரு கோணத்தில் வந்தார், மறுபடி நின்றார். அடுத்த வெள்ளியும் அப்படியே. ஒரு வெள்ளி கண் மூடியபடி நின்றார். இன்னொரு வெள்ளி அவர் குனிந்த நேரம் பார்த்து நின்றுவிட்டதால், வெறும் நெற்றியும் பின்னால் ஒரு கொடியில் காயும் லுங்கியும்தான். பேச்சு தந்தி அடிப்பது போல வந்தது.

"உங்க பெட்டிக்கு எங்க வீட்டுக்காரர் மூஞ்சி ஆகல தம்பி" என்று அக்கா சிரித்தார். சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார். "புள்ளைக்கு ஒரு வயசு ஆகப்போவுது. இந்த வருஷமும் லீவு இல்லன்ட்டாங்களாம். பெத்த அத்தாங்குறவரு ஒரு ஆளுன்னு இவளுக்குத் தெரியணும்ல. போட்டோன்னு நெனச்சுரக் கூடாது."

அதைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரு உறவும் கிடையாது. ஆனாலும் ஒரு பிள்ளைக்கும் அப்பனுக்கும் நடுவில் என் பெட்டி நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு அவமானமாக இருந்தது.

முதலில் கனெக்‌ஷன் கொடுத்தவர்களைத் திட்டினேன். அவர்கள் அனுப்பிய லைன்மேன் காலையில் வந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பெட்டியின் இடத்தை மாற்றினேன். ஏரியலுக்குப் பின்னால் அலையைத் திருப்பிவிட ஒரு இட்லித் தட்டை நிறுத்தினேன். இது கேலியில்லை, அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் பலரும் செய்த காரியம்தான். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "நெட்டு வராட்டியும் இட்லியாவது வருமா தம்பி?" என்று கேட்டார். எதுவும் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கடுப்பில் கீழே இறங்கிப்போய் பேக்கரியில் ஒரு டீ சொன்னேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். சீருடைப் பிள்ளைகள் முட்டை பப்ஸுக்கு வரிசை கட்டி நின்றார்கள். அண்ணன் தட்டில் பப்ஸை அடுக்கி மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்தார். உள்ளே விளக்கு எரிந்தது, தட்டு சுற்றியது, 'டிங்' என்றது.

மேலே பால்கனியிலிருந்து அக்காவின் குரல்: "தம்பி! வந்துட்டாரு!"

நான் டம்ளரை வைப்பதற்குள் அண்ணன் அடுத்த தட்டை உள்ளே தள்ளினார்.

"போயிட்டாரு!"

டிங்.

"வந்துட்டாரு!"

அண்ணன் மேலே பார்த்தார். "யாரு மாப்ள வாராரு போறாரு?"

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். பப்ஸைச் சூடாக்குகிற அலையும் என் வயர்லெஸ் பேசுகிற அலையும் ஒரே குடும்பம். அடுப்புக் கதவின் இடுக்கு வழியாகத் துளி கசிந்தாலே என் பெட்டிக்கு அது பெரிய இரைச்சல். பக்கத்தில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி அலறும்போது போனில் பேசுகிறவன் நிலைமைதான் என் பெட்டிக்கு. என் பெட்டி அலறலைக் கேட்டதும் நிதானமாக, மெதுவாகப் பேச ஆரம்பித்தது. மெதுவாகப் பேசினால் பேச்சு நீளும். பேச்சு நீண்டால் இன்னும் அதிகமாக இரைச்சலில் மாட்டும். அதுதான் துபாய்க்காரர் வாயைத் திறந்தபடி நின்றதன் ரகசியம்.

இதை அண்ணனிடம் விளக்கினேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆயுத பூஜைக்கு மால போட்டுக் கும்புட்ட மிசினு மாப்ள அது. அதப் போயி இம்புட்டுப் பேசுற? நாலு மணிக்குப் பிள்ளைக பசியா வருதுக. ஆறிப்போன பப்ஸயா குடுக்கச் சொல்ற?"

கோபமாகச் சொன்னாரே தவிர, மனசு கேட்கவில்லை அவருக்கு. அடுத்த வெள்ளி எனக்குத் தெரியாமல் பப்ஸை தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கிப் பார்த்திருக்கிறார். பப்ஸ் அடுக்கு அடுக்காகப் பிரிந்து, முட்டை தனியே உருண்டு, ஒரு பையன் அதைக் காகிதத்தில் அள்ளிக்கொண்டு போய்த் தன் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டான். அதன் பிறகு கல் பக்கம் அவர் போகவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, அடுப்பு நகராது, நாம் நகர்வோம் என்று முடிவு செய்தேன். ரேடியோவில் ஸ்டேஷன் இருப்பதைப் போல வயர்லெஸ்ஸில் சேனல் உண்டு. பேருக்குப் பதினொன்று. ஆனால் பக்கத்துப் பக்கத்து சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டுப் படுத்திருக்கும். ஒன்றையொன்று இடிக்காமல் இருப்பவை ஒன்று, ஆறு, பதினொன்று, அவ்வளவுதான். அடுப்பின் அட்டகாசம் நடுவிலிருந்து மேலே. ஆறு போச்சு, பதினொன்று போச்சு. ஒன்றாம் சேனலுக்கு மாற்றினேன். அடுத்த வெள்ளி துபாய்க்காரர் ஓரளவு அசைந்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமே எதிர்க்கடை போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒரு வயர்லெஸ் பெட்டி வாங்கி மாட்டினார், முன் அறையிலிருந்து பின் அறைக்குப் படம் அனுப்ப. அவரும் ஒன்றாம் சேனல். கல்யாண சீசன், ஆல்பம் ஆல்பமாக அனுப்புகிறார். துபாய்க்காரர் மறுபடி சிலையானார்.

ஸ்டுடியோவுக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்து நன்றாகத்தான் உபசரித்தார். சேனலை மாற்றச் சொன்னதும் மோதிரத்தைத் திருகினார்.

"எனக்குக் கூட்டு எண் ஒன்னு தம்பி. சூரியன். அதுக்காகவே போர்டுல கடைப் பேருக்கு ஒரு எழுத்து கூட்டியிருக்கேன், பாத்திருப்பீக."

"ஆறு வச்சுப் பாருங்கண்ணே."

"ஆறு எனக்கு ஆகாது."

"பதினொன்னு?"

"கூட்டினா ரெண்டு வருதே. சந்திரன். மனசு ஒரு எடத்துல நிக்காது."

எட்டு என்று சொல்லியிருந்தால் டீயையும் திரும்ப வாங்கியிருப்பார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி ஒரே இடத்தில் உட்கார்ந்து பிழைக்க முடியாது என்று புரிந்தது. அடுப்பு ஓடும்போது ஒரு நிலவரம், ஓடாதபோது வேறு. ஸ்டுடியோவில் ஆல்பம் போகும்போது ஒன்று, போகாதபோது இன்னொன்று. பெட்டியே தெருவைக் கவனித்துத் தானாக இடம் மாற வேண்டும். நல்லவேளையாக என் பெட்டி, நாம் எழுதும் நிரலை ஏற்றிக்கொள்ளும் வகை. தபால் வழியில் படித்த கம்ப்யூட்டர் படிப்பு முதல்முறையாக உருப்படியாகப் பயன்பட்டது. அனுப்பிய தகவல் போய்ச் சேராவிட்டால் பெட்டி மறுபடி அனுப்பும். அப்படி மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தால் இடம் சரியில்லை என்று அர்த்தம், உடனே வேறு சேனலுக்குக் குதி. இதுதான் நான் எழுதியது.

குதித்தது. லேசாகச் சத்தம் கேட்டாலே குதித்தது. கடைக்கும் அதே பெட்டிதான், ஒவ்வொரு குதிப்புக்கும் எல்லோருடைய இணைப்பும் அறுந்து ஒட்டும். சாட்டிங்கில் இருந்த பையன்கள் கத்தினார்கள். முன்கோபக்காரன் எழுதியது முன்கோபத்தோடுதானே இருக்கும்?

அதற்குள் ஸ்டுடியோக்காரரே என்னைத் தேடி வந்துவிட்டார். என் பெட்டி ஒன்றாம் சேனலில் வந்து இறங்கும்போதெல்லாம் அவர் படங்கள் பாதியில் நிற்கின்றனவாம். மாப்பிள்ளை வந்துவிட்டார், பெண் வரவில்லை. என் நிரலை அவர் பெட்டியிலும் ஏற்றுகிறேன், அதுவும் நிலவரம் பார்த்து நகரும் என்றேன். ரொம்ப நேரம் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்.

"காலைல கட தொறக்கயில ஒன்னுல இருக்கணும். அதுக்கப்புறம் எங்க போனாலும் எனக்குத் தெரியாமப் போகட்டும்."

ஏற்றினேன். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. நாலு மணிக்கு அடுப்பு ஓடியது. இரண்டு பெட்டிகளும் பயந்து ஒரே நேரத்தில் ஒன்றாம் சேனலுக்கு ஓடின. அங்கே ஒன்றை ஒன்று பார்த்ததும், இங்கே கூட்டமாக இருக்கிறதே என்று ஒரே நேரத்தில் கிளம்பிப் பதினொன்றுக்கு ஓடின. அங்கே அடுப்பு. மறுபடி ஒன்று. குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே இருப்பார்களே, அதுதான் நடந்தது. ஒரே ஆள் எழுதிய ஒரே புத்தி, வேறெப்படி ஓடும்?

அக்கா மாடிப்படியில் நின்று சொன்னார், "முந்தி நின்ன எடத்துலயாவது நின்னாரு தம்பி. இப்ப அதுவும் இல்ல."

அன்று வீட்டுக்குப் போய் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். சாப்பாட்டிலும் குறை சொன்னேன். மறுநாள் உட்கார்ந்து நிரலை மாற்றினேன். சத்தம் கேட்டதும் ஓடாதே, கொஞ்சம் பொறு, அடுப்பு சீக்கிரமே நின்றுவிடும். நிற்காவிட்டால் மட்டும் கிளம்பு. கிளம்பும் முன் போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேள். பொறுக்கும் நேரம் இரண்டு பெட்டிக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் தாயம் உருட்டினாற்போல மாற வேண்டும். அதோடு, ஒரு படம் பாதியில் நின்றால் பின்னால் வந்து சேரும். பேச்சு அப்படிக் காத்திருக்காது. அதனால் என் பெட்டிக்குப் பொறுமையைக் கூட்டினேன், ஸ்டுடியோ பெட்டிக்குக் குறைத்தேன். நெரிசல் வந்தால் முதலில் எழுந்து போவது அதுதான். கடை திறக்கும்போது சூரியனில் இருந்த அந்தப் பெட்டி, நாலு மணிக்குச் சந்திரன் வீட்டில் இருந்தது. ஸ்டுடியோக்காரர் சொன்ன வாக்குப்படி கேட்கவில்லை. நானும் சொன்ன வாக்குப்படி சொல்லவில்லை.

வீட்டில் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி, "அந்தப் பெட்டிக்குக் குடுத்த பொறுமைல மிச்சம் இருந்தா வீட்டுக்கும் கொண்டுவாங்க" என்று எங்கள் மொழியில் சொன்னாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

குழந்தையின் பிறந்தநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. எனக்குக் கடையில் கை ஓடவில்லை. அக்காவே, "மேல வந்து பாருங்க தம்பி, நின்னா உடனே சரிபண்ணலாம்ல" என்று கூப்பிட்டார். வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். குழந்தைக்குப் புதுக் கவுன் போட்டு, கண்ணுக்கு மை இட்டு, தாழ்ந்த பலகையில் இருந்த திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்.

நாலு மணி. துபாய்க்காரர் வந்தார். கீழேயிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அடுப்பு ஓடத் தொடங்கியிருக்கும். படம் ஒரு கணம் மங்கியது. என் உயிர் போய்விட்டது. பிறகு தெளிந்தது. பெட்டி பொறுத்துக்கொண்டது. தேவைப்பட்டபோது இடம் மாறியது. துபாய்க்காரர் நிற்கவில்லை. தலையைத் திருப்பினார், தண்ணீர் குடித்தார், எழுந்து நின்று புதுச் சட்டையைக் காட்டினார். அக்கா பழக்க தோஷத்தில் "கேக்குதா? கேக்குதா?" என்று கத்த, "கேக்குது, ஏன் கத்துற" என்றார் அவர். கணவனும் மனைவியும் ஒழுங்காகச் சண்டை போட முடிகிற அளவுக்கு இணைப்பு நன்றாக இருந்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்து, கையை ஆட்டி, "ஏ செல்லக்குட்டி, அத்தா வந்துருக்கேன்டா" என்றார்.

குழந்தை ஓர் அலறல் அலறியது. அப்படியே திரும்பி அக்காவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அக்கா "அத்தாடா, நம்ம அத்தாடா" என்று திருப்பத் திருப்ப, அது இன்னும் பயந்து கத்தியது. பிறந்ததிலிருந்து அது பார்த்த அத்தா அசையாதவர். அந்த முகம் திடீரென்று எழுந்து, கையை ஆட்டி, வாயைத் திறந்து பேசினால் பச்சைப் பிள்ளை என்ன செய்யும்? அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

திரையில் சத்தம் நின்றது. பார்த்தேன். துபாய்க்காரர் அப்படியே நின்றுபோயிருந்தார். கை பாதி தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி. பதறி எழுந்தேன், பெட்டியைப் பார்க்கக் கீழே ஓடப் போனேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால் கொடியில் காய்ந்த லுங்கி ஃபேன் காற்றில் ஆடுவதைக் கவனித்தேன்.

இணைப்பு நிற்கவில்லை. அவர்தான் அசையாமல் இருந்தார்.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. குழந்தையைத் தரையில் விட்டார். அழுகை குறைந்து, விசும்பலாகி, குழந்தை முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்தது. பழைய அத்தா இருந்தார். தவழ்ந்து போய், திரையைப் பிடித்து எழுந்து நின்று, அவர் கன்னத்தில் கையை வைத்தது. அவர் இமைக்கவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் இறங்கியது. தூக்கிய கை வலித்திருக்க வேண்டும், அதையும் இறக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, ஒரே ஒரு விரலை மட்டும் மெதுவாக அசைத்தார். குழந்தை அந்த விரலைப் பார்த்தது. இந்த முறை அழவில்லை.